மூன்றாம் மாடிக்கு ஒரு மறுதேர்வு

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஊரில் ஆள் குறைவு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை டிரைவிங் லைசென்ஸ் டெஸ்ட் எடுத்தவர் அவர். மடியில் அட்டையை வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாரென்றால், ஓட்டுகிறவனுக்குத் தன் கால் எது, கிளட்ச் எது என்று மறந்துபோகும். ஊர் அவருக்கு வைத்த பெயர் ஃபெயில் சார். நேரில் வெறும் சார் என்பார்கள், தலை மறைந்ததும் முழுப் பெயரும் வரும். அவருக்கு இது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சலுகை என்ற பேச்சே அவரிடம் கிடையாது. கட்டின பெண்டாட்டியையே ஃபெயிலாக்கிய மனுஷன். கல்யாணமான புதிதில், மேட்டில் நிறுத்திய காரை அந்த அம்மாள் கிளப்பியபோது வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது. ஒரே ஒரு சாண். "இறங்கு" என்றார் சார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. ஆனால் அந்த ஒரு சாணை விடவும் இல்லை. சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சார் வாயைத் திறந்தால் போதும், "எவ்வளவு குறைவு? ஒரு சாணா?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

அப்பேர்ப்பட்டவர் விழுந்த கதையைக் கேளுங்கள். கடைத்தெருவில் யாரோ ஒருவன் வேனை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியைப் பார்க்காமல் எடுக்கிறானே என்று சார் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே நடந்தார். நடைபாதை முடிந்ததை அவர் கவனிக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது. வேனுக்கு ஒரு கீறல் கிடையாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உள்ளே ஒரு கம்பியும் சில திருகாணிகளும் வைத்து முடுக்கிவிட்டார்கள். பிரச்சினை அதற்குப் பிறகுதான். அறுவை வார்டில் கட்டிலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சாரின் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய் வருஷக்கணக்காகிவிட்டது, அவள் கீழே இறங்குவதே இல்லை. காய்கறி, மருந்து, ஊர் வம்பு எல்லாவற்றையும் மேலே சுமந்துகொண்டு போனவர் சார்தான். அவர் விழுந்த நாளிலிருந்து இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்களே தவிர, முகம் பார்க்கவில்லை. வீடியோவில் பார்க்கலாமே என்றால் அந்த அம்மாள் போனை எப்போதும் காதில்தான் வைப்பாள். சாருக்குத் தெரிவது அவள் கம்மல் மட்டும்.

மகள் வீடு தரைத்தளம். அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ள அவள் தயார். ஆனால் அங்கே போனால் சார் கீழே, மனைவி மேலே. எத்தனை காலத்துக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. 

இன்னும் ஒரு வழி இருந்தது. ஆஸ்பத்திரி முற்றத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த கட்டடத்தில் ரீஹாப் வார்டு. இடுப்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்று வயதானவர்களைச் சேர்த்துக்கொண்டு, நிற்க, நடக்க, படியேறப் பழக்கி வீட்டுக்கு அனுப்புகிற இடம். கட்டில் கொஞ்சம், கேட்பவர்கள் ஏராளம். அதனால் அங்கிருந்து ஒரு மேடம் வந்து ஒவ்வொருவரையும் பேசவைத்து, நடக்கவைத்துப் பார்த்துத்தான் எடுப்பாராம்.

"டெஸ்டா?" என்றார் சார். படுத்திருந்தவர் முழங்கையை ஊன்றி எழுந்தார். "அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானேன்னு சொல்லாதீங்க தம்பி" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். ஒரு காலத்தில் பேக்கரி வைத்திருந்தவர், இவரைவிட மூத்தவர், அவருக்கும் இடுப்புதான். "போன வாரம் என்னைப் பாத்தாங்க. வலிக்குதான்னு கேட்டாங்க, ஆமான்னேன். எந்திரிங்கன்னாங்க, முடியாதுன்னேன். நடக்கணும்னு ஆசையில்லையான்னாங்க, நடந்து எங்க போகப்போறேன்னேன். அவ்வளவுதான், போயிட்டாங்க."

"அண்ணே, டெஸ்ட்டுல யாராவது முடியாதுன்னு சொல்வாங்களா?"

"நிஜமா முடியலையே தம்பி."

சாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். வலி என்று சொன்னால் போச்சு. முடியாது என்றால் போச்சு. நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பட் பட்டென்று பதில் சொல்லி, ஒரு தப்பும் இல்லாமல் செய்துகாட்டினால் கட்டில் கையில். இதற்கு அவரைவிடத் தோதான ஆள் எங்கே கிடைப்பான்?

மகளை வைத்து அன்றைக்கே ஒத்திகை ஆரம்பமாயிற்று. மகள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அப்பாவிடம் ஃபெயிலாகி, அவர் லீவில் இருந்த நாளாகப் பார்த்து மறுபடி போய் லைசென்ஸ் வாங்கிய கெட்டிக்காரி. கட்டில் காலடியில் உட்கார்ந்து, நர்ஸிடம் விசாரித்து வைத்திருந்த கேள்விகளை வீசினாள். இன்றைக்கு என்ன கிழமை? நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மூன்று சொற்கள் சொல்கிறேன், கடைசியில் திருப்பிச் சொல்லுங்கள். சார் ஒன்றைக்கூட விடவில்லை. தெரியாத இடத்தில் பேக்கரிக்காரர் கண்ணைக் காட்டி உதவினார்.

"அப்பா, ஒண்ணு மட்டும் கேக்கறேன்" என்றாள் மகள். "நீங்களே சொல்வீங்களே, டெஸ்டுக்குன்னு மனப்பாடம் பண்ணிட்டு வர்றவனை முதல் வளைவிலேயே கண்டுபிடிச்சிருவேன்னு. அந்தம்மாவும் கண்டுபிடிச்சிட்டா?"

"நான் கண்டுபிடிச்சேன். எல்லாரும் நானா?" என்றார் சார்.

ஆனாலும் அவர் மனதுக்குள் ஒரு முள் இருந்தது. ஊரில் பாதிப் பேரை ஃபெயிலாக்கியவர் அவர். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அதன் பலனை அனுபவித்துக்கொண்டிருந்தார். மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டர் முகமூடியை இறக்கி, "சார், என்னை ஞாபகமிருக்கா? ரவுண்டானா!" என்றபோது சாருக்கு ஊசி போடாமலே மயக்கம் வந்தது. அவர் முகங்களை மறந்துவிடுவார், தப்புகளை மறக்க மாட்டார். வரப்போகிற மேடம் ஒருவேளை ரவுண்டானாவாக இருந்தால்? சிக்னல் போடாமல் திரும்பியவளாக இருந்தால்?

அந்த நாளும் வந்தது. சார் காலையிலேயே முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையைக் கொண்டுவரச் சொல்லி மாட்டிக்கொண்டார். நர்ஸைத் தாஜா செய்து வலி மாத்திரையை மேடம் வருகிற நேரத்துக்குச் சரியாக வாங்கி விழுங்கினார். வந்தவர் குட்டையான, சுறுசுறுப்பான பெண்மணி. சத்தம் போடாத ரப்பர் செருப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு, சாரின் கண்ணுக்கு நேரே வருகிற உயரத்தில் உட்கார்ந்தார்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி" என்றார் சார். "நான் உங்களை எப்பவாவது ஃபெயிலாக்கியிருக்கேனா?"

மேடம் சிரித்தார். "எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது சார். பஸ்லதான் வர்றேன்."

சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனிமேல் ஒரு கை பார்த்துவிடலாம்.

பார்த்தார். கிழமை, தேதி, மாசம் மூன்றையும் கேட்பதற்கு முன்பே சொன்னார். ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே போனவரை மேடம்தான் போதும் போதும் என்று நிறுத்த வேண்டியதாயிற்று. கட்டிலிலிருந்து எழுந்து காட்டச் சொன்னார். சார் பல்லைக் கடித்துக்கொண்டு, கடித்தது வெளியே தெரியாமல் எழுந்தார். வாக்கரைப் பிடித்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். திரும்பும்போது சீட்டியடித்தார். சீட்டி பாதியில் காற்றாகப் போனதை இருமி மறைத்தார். பேக்கரிக்காரர் போர்வைக்குள்ளிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"வலி எப்படி இருக்கு?"

"துளிக்கூட இல்ல."

"ராத்திரி தூங்க முடியுதா? புரண்டு படுக்கறது?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன்."

"வீட்டுல படி உண்டா?"

"உண்டு. அதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?"

"குளிக்க, உடுத்த யாராவது உதவி பண்ணணுமா?"

"எல்லாம் நானே" என்றார் சார். அன்று காலையில் அந்தச் சட்டையை மாட்டிவிட்ட மகள் தரையைப் பார்த்தாள்.

"சரி, கடைசியா ஒண்ணு. எங்க வார்டுக்கு வந்து நீங்க என்ன செய்யணும்னு நினைக்கறீங்க?"

ஒத்திகையில் இல்லாத கேள்வி. சார் ஒரு விநாடி தடுமாறினார். "சும்மாதான். கொஞ்சம் மெருகேத்திக்கலாமேன்னு."

மேடம் பேனாவை மூடினார். முகம் மலர்ந்திருந்தது. "ரொம்ப சந்தோஷம் சார். உங்க வயசுல இவ்வளவு சீக்கிரம் தேறி வர்றவங்களைப் பாக்கறதே அபூர்வம். உங்களுக்கு எங்க வார்டு தேவையே இல்ல. நேரா வீட்டுக்குப் போகலாம். இங்க இருக்கறவங்ககிட்ட நானே சொல்லிடறேன்." சொல்லிவிட்டு, சத்தமில்லாத செருப்போடு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

சாரின் முகத்தில் ஈயாடவில்லை. மகள் அப்பாவைப் பார்த்தாள், அப்பா ஜன்னலைப் பார்த்தார். பேக்கரிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நான் முடியாதுன்னேன், விட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்க முடியும்னீங்க, உங்களையும் விட்டுட்டுப் போயிட்டாங்க. அப்ப யாரைத்தான் தம்பி எடுப்பாங்க?"

அதற்குள் போன் அடித்தது. வீட்டு மூன்றாம் மாடியிலிருந்து மனைவி.

"என்ன ஆச்சு? பாஸா ஃபெயிலா?"

"பாஸ்" என்றார் சார். குரலில் சுரத்தே இல்லை.

"அப்ப அந்த மஞ்சக் கட்டடத்துக்கு எப்ப போறீங்க?"

"போகலை. ரொம்ப நல்லா இருக்கேனாம். வீட்டுக்கே போகலாம்னுட்டாங்க."

 "ரொம்ப நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி. "நேத்து ராத்திரி வலி தாங்காம எனக்குப் போன் பண்ணினது யாரு? மூணு மாடி ஏறிடுவீங்களா?"

"டெஸ்ட்டுல போய் அதையெல்லாம் எப்படிச் சொல்றது?"

"ஏங்க, நல்லா ஓட்டத் தெரிஞ்சவனை டிரைவிங் ஸ்கூல்ல எதுக்குங்க சேத்துப்பாங்க? அவங்க லைசென்ஸா குடுக்கறாங்க? கத்துக் குடுக்கறவங்க. தெரியலைன்னு சொன்னாத்தானே கத்துக் குடுப்பாங்க!" படபடவென்று பொரிந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அடுத்து வந்த குரல் இறங்கியிருந்தது. "நீங்க இல்லாம வீடு நல்லாவே இல்லைங்க. யார்கிட்ட சண்டை போடறதுன்னே தெரியலை."

சார் போனை மகளிடம் கொடுத்தார்.  ஆயுள் முழுக்க டெஸ்ட் எடுத்தவர், இது என்ன டெஸ்ட் என்று கேட்காமலே எழுதிவிட்டு வந்திருக்கிறார். ஊரில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் எத்தனை வருஷம் சொல்லிச் சிரித்திருப்பார்!

"வாக்கரை எடு" என்றார்.

"எதுக்குப்பா?"

"மறுதேர்வுக்கு."

ஜன்னல்வரை போய்த் திரும்பியதற்கே மாத்திரையின் வேலை முடிந்துவிட்டிருந்தது. தாழ்வாரம் அவருக்கு நீளமோ நீளம் என்று நீண்டது. இப்போது சீட்டி கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் அம்மா, அம்மா என்று முனகிக்கொண்டே போனார். இஸ்திரி சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மகள் ஒரு கையை அவர் இடுப்புக்குப் பின்னால் தயாராக வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். தாழ்வாரத்தின் முடிவில், மாடிப்படிக்குப் பக்கத்தில், மேடம் நின்றுகொண்டே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம். நான் காட்டினதுல ஒண்ணு விட்டுப்போச்சு."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வாக்கரை விட்டார், படியின் கைப்பிடியைப் பிடித்தார், நல்ல காலைத் தூக்கி முதல் படியில் வைத்தார். அடுத்த காலைத் தூக்க வேண்டும். தூக்கினார். கால் வரவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு தடவை முயன்றார். உடம்பு அப்படியே பின்னால் சரிந்தது. மகளும் மேடமும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள்.

"வலிக்குதா சார்?"

"உயிர் போகுது" என்றார் சார். எல்லோரும் பார்க்கும்படி அழுதார். துடைத்துக்கொள்ளக் கை இல்லை, இரண்டும் கைப்பிடியில் இருந்தன. "எங்க வீடு மூணாம் மாடி. லிஃப்ட் இல்ல. என் வீட்டுக்காரி மேல தனியா இருக்கா, அவளால இறங்க முடியாது. நான் ஏறினாத்தான் உண்டு. சட்டைகூட எம்பொண்ணுதான் போட்டுவிட்டா. ராத்திரியில வலி பின்னி எடுக்குது. நான் சொன்னது அத்தனையும் பொய் மேடம்."

"தேதியுமா?"

"தேதி மட்டும் நிஜம்."

மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, மறுபடியும் கண்ணுக்கு நேரே குனிந்தார்.

"ஏன் சார் முதல்லயே சொல்லலை?"

"ஃபெயிலாயிடுவேன்னு."

"எங்ககிட்ட பாஸ் ஃபெயில் கிடையாது. உதவி தேவைப்படணும், அதே சமயம் முயற்சி பண்ற தெம்பும் மனசும் இருக்கணும். ரெண்டும் இருக்கறவங்களைத்தான் நான் தேடறேன். நீங்க எனக்குத் தெம்பை மட்டும் காட்டினீங்க, தேவையை ஒளிச்சு வச்சிட்டீங்க." பிறகு முன்பு கேட்டதையே மறுபடி கேட்டார். "எங்க வார்டுக்கு வந்து என்ன செய்யணும்?"

"மூணாம் மாடி ஏறணும்" என்றார் சார். இந்தத் தடவை தடுமாறவில்லை.

"இதுக்குத்தான் சார் கேட்டேன். எங்க டாக்டரும் பாத்துச் சரின்னு சொல்லணும். நான் பேசறேன்."

திரும்பும்போது தாழ்வாரத்தில் சாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வார்டில் பேக்கரிக்காரர் கட்டிலில் இருந்தபடியே வாசல் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். கூடவே வந்த மேடத்தைப் பார்த்து, "ஏம்மா, எனக்கும் மறுதேர்வு உண்டா?" என்றார்.

"உண்டு. ஆனா நடந்து எங்க போகப்போறீங்கன்னு நீங்க சொல்லணும். யோசிச்சு வைங்க, அடுத்த வாரம் வர்றேன்."

பேக்கரிக்காரர் அப்போதே கூரையைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் சரி என்றார். மறுநாளே சாரை முற்றத்தைத் தாண்டி மஞ்சள் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். மனைவிக்குப் போன் போட்டு, "ஃபெயிலாயிட்டேன், சேத்துக்கிட்டாங்க" என்றார். அவள் சிரித்த சிரிப்பைப் பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களும் கேட்டார்கள்.

அங்கே அவருக்கு வாய்த்த பிசியோதெரபிஸ்ட், சாருக்கே சாராக இருந்தாள். "சரியில்ல, மறுபடி" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. முதுகு வளைந்தால் மறுபடி. கால் இழுத்தால் மறுபடி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், மாற்றி வைத்தால் மறுபடியும் முதலிலிருந்து. தன்னிடம் ஃபெயிலானவர்கள் தன்னை என்னவெல்லாம் திட்டியிருப்பார்கள் என்பதை சார் ஒரு வார்த்தை விடாமல் தெரிந்துகொண்டார், ஏனென்றால் அதையெல்லாம் அவரே மனதுக்குள் அவளைத் திட்டினார். ஆனால் வாயால் பொய் சொல்லவில்லை. வலித்தால் வலிக்கிறது என்றார். முடிந்தால் முடிகிறது என்றார். முதலில் ஒரு படி, பிறகு ஒரு வரிசை, பிறகு நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மாடி.

வீட்டுக்குப் போகிற அன்று மகள் வேனில் கொண்டுவந்து வாசலில் இறக்கினாள். கண்ணாடி பார்த்துத்தான் நிறுத்தினாள். சார் அதைக் கவனித்தார். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் கைப்பிடி, பின்னால் மகள். நல்ல கால், வலிக்கிற கால். முதல் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டாம் மாடியில் அந்த வீட்டுக்காரர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மறுபடி ஏறத் தொடங்கினார். மேலே ஒரு கதவு திறக்கிற சத்தமும், ஒரு பழைய செருப்பைத் தேய்த்துக்கொண்டு யாரோ மெதுவாக வருகிற சத்தமும் கேட்டன.

கடைசி வளைவில் திரும்பியதும் தெரிந்தாள். படி முடிகிற இடத்தில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கம்மல், கண், மூக்கு, முகம் முழுவதுமாக நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். அவளைப் பார்த்த அவசரத்தில் சார் காலை மாற்றி வைத்துவிட்டார். உடம்பு ஆடிற்று. வைத்த கால் வழுக்கிக் கீழ்ப்படிக்கே வந்துவிட்டது. மகள் முதுகில் கையை வைத்தாள். சார் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து நின்றார்.

"ஒரு சாண் பின்னால உருண்டுட்டீங்க" என்றாள் அவர் மனைவி மேலேயிருந்து.

சார் தலைகுனிந்து மூச்சு வாங்கினார். எத்தனையோ வருஷத்துக்கு முந்திய ஒரு மேடும், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இரண்டு சின்னக் கைகளும் அவருக்கு ஞாபகம் வந்தன. அன்றைக்கு அந்தக் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அதை அவர் பார்க்காமல் இல்லை.

"ஃபெயிலா?" என்று கேட்டார்.

"நான் என்ன நீங்களா?" என்றாள் அவள். சுவரை விட்டு ஒரு கையை எடுத்துக் கீழே நீட்டினாள். "மறுபடி எடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."